ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் 1965: ஆலையிலிருந்து வெளிவந்த நிலையை உறுதிசெய்வது எப்படி?

காவிரிக்கரையான் கேட்டது:

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

என் பெரியப்பா திருச்சியில் 1965-இல் புதிதாக வாங்கிப் பதிவு செய்த இரண்டு கதவு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் கார் இப்போது என் பொறுப்பில் உள்ளது. அவர் மறைந்த பிறகு நெடுங்காலம் கொட்டகையிலேயே நின்றுவிட்டது. சேசிஸ் துருப்பிடிக்காமல் நல்ல நிலையில் இருப்பதால், வாங்கிய நாளில் கார் எப்படி இருந்ததோ அதே நிலைக்கு அதைக் கொண்டுவர விரும்புகிறேன். பெருங்களத்தூர் ஆலையில் உருவான ஹெரால்டுகளில் இன்று நாம் காண்பவை பல, கையில் கிடைத்த உதிரிப் பாகங்களைக் கொண்டு அவ்வப்போது ஓடவைக்கப்பட்டவை. என்னிடம் உள்ள ஒன்றையாவது பிழையில்லாமல் மீட்டெடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஆனால் எந்தத் தகவலைத் தேடினாலும் இரண்டு மூன்று பதில்கள் கிடைக்கின்றன. எஞ்சினை எடுத்துக்கொள்வோம். ஆர்.சி. புத்தகத்தில் 948 சிசி என்று இருக்கிறது. நான் வரவழைத்த இங்கிலாந்துப் பழுதுபார்ப்புக் கையேடோ 1961 முதல் ஹெரால்டுக்கு 1147 சிசி எஞ்சின் என்கிறது. இதைப் பார்த்த மெக்கானிக் ஒருவர், "அப்படியானால் உங்கள் காரின் எஞ்சினை யாரோ மாற்றியிருக்கிறார்கள்" என்று முடிவே கட்டிவிட்டார். பின் ஆக்சிலின் கியர் விகிதத்திலும் இதே குழப்பம் இருக்கிறது.

அடுத்தது நிறம். கார் இப்போது பாலாடை நிறத்தில் இருக்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் "வெள்ளை" என்று எழுதியிருக்கிறது. பெரியம்மாவோ, வாங்கியபோது வெளிர் நீலமாக இருந்ததாக உறுதியாகச் சொல்கிறார். அந்த ஆர்.சி. புத்தகம் மூலப் புத்தகம் அன்று. அது தொலைந்துபோனதால் 1990-களில் பெற்ற நகல் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது, டேஷ்போர்டு. என் காரில் மரப்பலகை இருக்கிறது. வெளிநாட்டு ஆர்வலர் ஒருவர் எழுதிய குறிப்பில், 948 சிசி ஹெரால்டுகளுக்குச் சாம்பல் நிற அட்டைப்பலகை டேஷ்போர்டுதான் உண்டு என்றும், மரப்பலகை 1200 மாடலோடுதான் வந்தது என்றும் படித்தேன். அப்படியானால் என் காரில் இருப்பது பின்னாளில் பொருத்தியதா?

எந்தச் சான்றை எவ்வளவு நம்பலாம், எதை முதலில் பார்க்க வேண்டும், டிங்கரிங் வேலைக்குக் கொடுக்கும் முன் எவற்றைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


வண்டலூரான் எழுதியது:

உங்கள் கேள்வியின் முதல் பகுதிக்கு விடை எளிது. உங்கள் ஆர்.சி. புத்தகமும் சரி, இங்கிலாந்துக் கையேடும் சரி. அவை இரண்டு வெவ்வேறு கார்களைப் பற்றிப் பேசுகின்றன.

இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரைச் சேர்ந்த ஸ்டாண்டர்ட்-ட்ரையம்ஃப் நிறுவனம் ட்ரையம்ஃப் ஹெரால்டை 1959 ஏப்ரலில் அறிமுகப்படுத்தியது. இத்தாலியரான மிக்கெலொட்டி வடிவமைத்த அந்தக் காரில் முதலில் இருந்தது 948 சிசி எஞ்சின். அங்கே 1961-இல் 1147 சிசி எஞ்சினோடு 1200 மாடலும், 1967-இல் 1296 சிசி எஞ்சினோடு 13/60 மாடலும் வந்தன. 1971-இல் அங்கே உற்பத்தி நின்றது. சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1961-இல் இதே காரை "ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்" என்ற பெயரில் தயாரிக்கத் தொடங்கியது. இங்கே எஞ்சின் கடைசி வரை 948 சிசியாகவே இருந்தது. இறக்குமதியைக் குறைத்து உள்நாட்டிலேயே பாகங்களைச் செய்ய வேண்டியிருந்த அந்தக் காலத்தில், ஒருமுறை அமைத்த உற்பத்தி ஏற்பாட்டை மாற்றுவது எந்த நிறுவனத்துக்கும் எளிதாக இருக்கவில்லை. 1960-களின் பிற்பகுதியில் இங்கே வந்த நான்கு கதவு ஹெரால்டு இங்கிலாந்தில் தயாரிக்கப்பட்டதே இல்லை. அதற்குப் பின் 1970-களில் வந்த, அதே சென்னை நிறுவனத்தின் கெஸல் காரிலும் 948 சிசி எஞ்சின்தான். ஆகவே 1965-ஆம் ஆண்டுச் சென்னைக் காரில் 948 சிசி என்று எழுதியிருப்பது, இருக்க வேண்டியபடியே இருப்பதாகும். அதை வைத்து எஞ்சின் மாற்றப்பட்டது என்று யாரும் சொல்ல முடியாது.

இந்த ஒரு குழப்பத்திலிருந்தே மற்ற எல்லாவற்றுக்கும் வழி பிறக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு தாளை நம்புவதற்கு முன், அது எந்த ஆலையில், எந்த ஆண்டில் உருவான காரைப் பற்றியது என்பதையும், எழுதியவர் காரைப் பார்த்து எழுதினாரா அல்லது வேறொரு தாளைப் பார்த்து எழுதினாரா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கேள்விகளைக் கேட்டால் உங்கள் ஆர்.சி. புத்தகத்தின் மதிப்பும் தெளிவாகிவிடும். 1990-களில் பெற்ற நகலில் "வெள்ளை" என்று இருந்தால், நகல் பெற்ற காலத்தில் கார் வெள்ளையாகவோ அதற்கு நெருங்கிய நிறத்திலோ இருந்தது என்று மட்டுமே பொருள். 1965-ஐப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. அதே புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண்ணின் நிலை வேறு. அது பழைய பதிவேட்டிலிருந்து எடுத்தெழுதப்பட்டிருக்கும் என்பதால் மதிப்புள்ளதுதான். ஆனால் கையால் எடுத்தெழுதும்போது 1-ஐ 7 என்றும், 3-ஐ 8 என்றும் எழுதிவிடுவது சாதாரணம். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் செய்வதைப் போல, தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எண்ணைப் படியெடுத்து, புத்தகத்தில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். சேசிஸ் எண் பொறித்த தகடு பொருத்தப்பட்டிருக்கும் ரிவெட்டுகளையும் பாருங்கள். சுற்றியுள்ள பெயிண்ட் உடைந்திருந்தாலும், ரிவெட்டுகள் ஒன்றுக்கொன்று வேறாக இருந்தாலும், தகடு ஒருமுறை கழற்றப்பட்டிருக்கிறது.

நிறத்தைக் காரிடமே கேட்பதுதான் முறை. உங்களிடம் இருப்பது ஹெரால்டு என்பதால் இதில் கூடுதல் கவனம் வேண்டும். இந்தக் காரின் உடல் ஒரே கூடாகப் பற்றவைக்கப்பட்டதன்று. தனிச் சேசிஸின் மேல் பல பகுதிகளாக போல்ட் போட்டு இணைக்கப்பட்டது. முன்பக்க மட்கார்டுகளோடு சேர்ந்து முன்னோக்கித் திறக்கும் அந்தப் பெரிய போனட்டை, சில போல்ட்டுகளைக் கழற்றினால் முழுதாக எடுத்துவிடலாம். விபத்தில் சிக்கிய ஹெரால்டுக்கு வேறொரு காரின் போனட்டை அப்படியே மாட்டுவது எளிய வேலையாக இருந்தது. எனவே போனட்டில் மட்டும் சுரண்டிப் பார்த்துவிட்டு இதுதான் மூல நிறம் என்று முடிவு செய்யாதீர்கள். எஞ்சின் அறைக்கும் உள்ளறைக்கும் இடையிலுள்ள தடுப்புத் தகடு, டேஷ்போர்டுக்குப் பின்புறம், பின் இருக்கையின் முதுகுப் பலகைக்குப் பின்னால், கதவின் உள் அட்டைக்கு அடியில், வயர்களைப் பிடித்திருக்கும் கிளிப்புகளுக்குக் கீழே, டிக்கியின் உட்புற மூலை ஆகிய இடங்களில் தனித்தனியாகப் பாருங்கள். மறுபெயிண்ட் அடிப்பவர்கள் பெரும்பாலும் இந்த இடங்களைத் தொடுவதில்லை.

ஓர் இடத்திலாவது அடுக்குகளைத் திறந்து பார்க்க வேண்டும். நாணய அளவுள்ள இடத்தில் மெல்லிய வாட்டர் பேப்பரைத் தண்ணீர் தொட்டு வட்டமாக, நடுவில் அதிகமாகவும் ஓரத்தில் குறைவாகவும் தேயுங்கள். தகடு தெரியும் வரை தேய்த்தால் ஒவ்வொரு அடுக்கும் ஒரு வளையமாகத் தெரியும். தகட்டுக்கு அடுத்து பிரைமர், அதன் மேல் ஒரு நிறம், அதன் மேல் மீண்டும் பிரைமர் அல்லது பட்டி, அதற்கும் மேல் இப்போதைய பாலாடை நிறம் என்று வரிசையாகப் படிக்கலாம். பட்டி எதுவும் இல்லாமல் முதல் பிரைமரின் மேல் நேரடியாகப் படிந்திருக்கும் நிறமே ஆலையில் அடித்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். பல தகடுகளில் இதே வரிசை கிடைத்தால் ஐயமே வேண்டாம். பகல் வெளிச்சத்தில், அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுங்கள். வெயில் படாத இடத்துப் பெயிண்டை மாதிரியாகக் கொள்ளுங்கள். நீலம் வெளுப்பதும் வெள்ளை மஞ்சளிப்பதும் இயல்பு.

பெரியம்மாவின் நினைவை ஒதுக்கிவிடாதீர்கள். "நீலமா, வெள்ளையா?" என்று கேட்காமல், கார் வீட்டுக்கு வந்த நாளைப் பற்றியும், அதில் போன திருமணங்களைப் பற்றியும் பேசவிட்டுக் கேளுங்கள். மறுபெயிண்ட் எப்போது, எந்தக் காரணத்தால் அடித்தார்கள் என்பது அந்தப் பேச்சில் வந்துவிடும். அந்தக் காரணம் ஒரு விபத்தாக இருந்தால், எந்தப் பக்கத்துத் தகடுகளைச் சந்தேகிக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.


பட்டறைக்காரர் எழுதியது:

தம்பிக்கு வணக்கம். எஞ்சினைப் பற்றியும் ஆக்சிலைப் பற்றியும் நான் சொல்கிறேன்.

எஞ்சினை வெளியிலிருந்து பார்த்து 948 என்றோ 1147 என்றோ சொல்லிவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். இந்த எஞ்சின் குடும்பத்தில் அது நம்பத்தக்க வழியன்று. 948, 1147, 1296 ஆகிய மூன்றிலும் ஸ்ட்ரோக் 76 மி.மீ.தான். போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், மட்டும் முறையே 63, 69.3, 73.7 மி.மீ. என்று மாறுகிறது. ஆகவே பிளக் துளை வழியாகக் கம்பியை விட்டு, பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தை அளக்கும் வழக்கமான முறையும் இங்கே பயன்படாது. எந்த எஞ்சினாக இருந்தாலும் அது 76 என்றே காட்டும். சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிப் போரை அளப்பதே வழி. நெடுங்காலம் நின்ற எஞ்சினை எப்படியும் திறக்கத்தான் போகிறீர்கள் என்பதால் இது தனிச் செலவன்று.

அளக்கும்போது 63 மி.மீ. சரியாக வராவிட்டால் பதற வேண்டாம். லேத் பட்டறையில் போர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டிருப்பார்கள். 20 சைஸ் என்றால், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு பெரிது என்றால், ஏறத்தாழ 63.5 மி.மீ. வரும். 40 சைஸ் என்றால் 64 மி.மீ. வரும், அப்போது கொள்ளளவு ஏறத்தாழ 978 சிசியாக இருக்கும். அதற்கும் 69.3 மி.மீ. போருக்கும் இடையில் பெரிய இடைவெளி இருப்பதால் குழப்பத்துக்கே இடமில்லை. பிஸ்டன் தலையில் சைஸ் எண் அடித்திருக்கும்; கரியை மெதுவாகத் துடைத்துப் பாருங்கள். கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டாம்.

ஆனால் கொள்ளளவு 948 என்று உறுதியானாலும், அது இந்தக் காரோடு பிறந்த எஞ்சின்தான் என்று ஆகிவிடாது. வேறொரு ஹெரால்டின் எஞ்சினும் கெஸலின் எஞ்சினும் 948தான். அதற்கு எஞ்சின் எண் ஒன்றே சான்று. பிளாக்கில் புடைப்பாக இருப்பது வார்ப்பு எண். அது அந்த வகைப் பிளாக் எல்லாவற்றுக்கும் பொது. தட்டையான மேடையில் அச்சால் குத்தியிருப்பதே அந்த எஞ்சினுக்குரிய தனி எண். பலர் வார்ப்பு எண்ணைப் படமெடுத்து ஆர்.சி. புத்தகத்தோடு பொருந்தவில்லை என்று வருந்துகிறார்கள். குத்திய எண்ணுக்கு அடியில் உள்ள பரப்பையும் கவனியுங்கள். ஆலையில் கடைந்த மேடையில் நேரான மெல்லிய கருவிக் கோடுகள் இருக்கும். கோடுகள் இல்லாமல் அரத்தால் தேய்த்த குழிவு இருந்தால், யாரோ பழைய எண்ணை அழித்துப் புதிதாகக் குத்தியிருக்கிறார்கள். அப்படி இருந்தால் வேலையைத் தொடரும் முன் ஒரு வழக்கறிஞரையும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தையும் அணுகுவது நல்லது.

இங்கிலாந்து எஞ்சின் ஏதும் உள்ளே வந்திருக்கிறதா என்ற ஐயம் இருந்தால் எண்ணின் முன்னெழுத்து உதவும். அங்கே 948-க்கு "ஜி", 1147-க்கு "ஜிஏ", 13/60-க்கு "ஜிஇ" என்று தொடங்கும். எண்ணின் முடிவில் "ஹெச்இ" என்றால் உயர் அழுத்த விகிதம், "எல்இ" என்றால் தாழ்ந்த அழுத்த விகிதம்.

இனி ஆக்சில். இங்கிலாந்தின் சாதாரண 948 சலூனுக்கு 4.875 விகிதம், அதாவது பெரிய பல்சக்கரமான கிரௌன் வீலில் 39 பல், அதைச் சுழற்றும் சிறிய பினியனில் 8 பல். 1200 மாடலுக்கு 4.11, அதாவது 37-க்கு 9. உங்கள் காரில் எது இருக்கிறது என்று பார்க்க, இந்தப் பல்சக்கரங்கள் உள்ள டிஃபரென்ஷியல் பெட்டியைத் திறக்க வேண்டியதில்லை. முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, கியரை நியூட்ரலில் வையுங்கள். ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் தலையை நீட்டக் கூடாது. தரையில் உள்ள மறு சக்கரம் அசையாமல் இருக்க வேண்டும். டயரிலும், கியர் பெட்டியிலிருந்து பின்னோக்கி வரும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டிலும் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, தூக்கிய சக்கரத்தை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். ஷாஃப்ட் ஏறத்தாழ ஐந்து சுற்றுச் சுற்றினால் 4.875, நான்கைச் சற்றே தாண்டினால் 4.11. ஒரு சக்கரம் நிற்கும்போது மற்றது இரண்டு சுற்று வந்தால்தான் கிரௌன் வீல் ஒரு சுற்று வரும் என்பதால் இந்தக் கணக்கு.

அடியில் இருக்கும்போதே இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். ஹெரால்டில் டிஃபரென்ஷியலின் மேல் குறுக்காக ஒரே லீஃப் ஸ்பிரிங் இருக்கும். இரண்டு பக்க ஆக்சிலும் தனித்தனியே மேலும் கீழும் ஆடும். நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு இந்த அமைப்பு பிடிக்காமல் போனதால், கெஸலில் ஒரே முழு ஆக்சிலாக மாற்றிவிட்டார்கள். உங்கள் காரில் குறுக்கு ஸ்பிரிங் இருந்தால் பின்பகுதி ஹெரால்டுக்குரியதே.


ஃபியட் டிலைட் எழுதியது:

நண்பரே, உங்கள் கேள்வி ஹெரால்டுக்கு மட்டும் உரியதன்று என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். மும்பை குர்லாவில் பிரீமியர் நிறுவனம் 1964 முதல் தயாரித்த ஃபியட் 1100 டி, அதாவது நாம் டிலைட் என்று சொல்லும் கார், இத்தாலியின் 1100 டி காரைப் போலவே இருக்கும். பெயரும் அதுவே. ஆனால் இத்தாலியக் காரில் இருப்பது 72 மி.மீ. போர் கொண்ட 1221 சிசி எஞ்சின். இந்தியக் காரில் இருப்பது 68 மி.மீ. போர் கொண்ட 1089 சிசி எஞ்சின். இரண்டிலும் ஸ்ட்ரோக் 75 மி.மீ. பட்டறைக்காரர் ஐயா சொன்ன ஹெரால்டுக் கதையேதான். இத்தாலியக் கையேட்டைப் பார்த்து வெளிநாட்டிலிருந்து பிஸ்டன் ரிங் வரவழைத்தால் ஒன்றும் பொருந்தாது. அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்கும் இது உண்டு. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரில் 1489 சிசி ஓவர்ஹெட் வால்வு எஞ்சின். இங்கே வந்த முதல் அம்பாசடர்களிலோ பழைய 1476 சிசி சைடு வால்வு எஞ்சின்.

குதிரைத்திறன் எண்களிலும் எச்சரிக்கையாக இருங்கள். ஒரே எஞ்சினுக்கு இரண்டு எண்கள் கிடைத்தால் ஒன்று பொய் என்று கருத வேண்டியதில்லை. எஞ்சினைத் தனியே மேடையில் நிறுத்தி, சைலன்சர் முதலிய துணைப் பாகங்கள் இல்லாமல் அளந்த மொத்தத் திறன் ஒன்று. காரில் இருப்பதுபோல் எல்லாவற்றையும் பொருத்தி அளந்த நிகரத் திறன் மற்றொன்று. அமெரிக்க நிறுவனங்கள் 1972 மாடல்களிலிருந்து நிகரக் கணக்குக்கு மாறியபோது, ஏட்டில் மட்டும் பல கார்களின் திறன் திடீரெனக் குறைந்தது. எண்ணோடு அளவீட்டு முறையும் எழுதப்படாத தாளை நான் ஆதாரமாக எடுத்துக்கொள்வதில்லை.

இருக்கைகளையும் அவசரப்பட்டுப் பிரித்துவிடாதீர்கள். மேல் உறையை மாற்றியிருந்தாலும், பழைய ரெக்ஸினின் மடிப்பு ஓரங்கள் கம்பிச் சட்டத்தில் சிக்கி நின்றிருக்கும். வெயிலே படாத அந்தத் துண்டுதான் உண்மையான நிறத்தையும் பரப்பின் ரேகையையும் காட்டும். அமெரிக்கக் கிரைஸ்லர் கார்களில் இருக்கை ஸ்பிரிங்குகளுக்கு இடையே ஆலையின் உற்பத்திச் சீட்டே பலமுறை கிடைத்திருக்கிறது. நம் கார்களில் அதை எதிர்பார்க்க முடியாது என்றாலும், உள்ளே கிடைக்கும் எந்தக் காகிதத்தையும் குப்பையில் போட வேண்டாம்.


காவிரிக்கரையான் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஹெட்டைக் கழற்ற ஏற்பாடு செய்துவிட்டேன். இதற்கிடையில் ஆவணங்களைப் பற்றி ஒரு கேள்வி. இங்கிலாந்தில் பழைய கார்களுக்கு ஆலைப் பதிவேட்டிலிருந்து சான்றிதழ் கொடுக்கிறார்களாமே, அது என் காருக்குக் கிடைக்குமா? மேலும், இந்தக் காரைத் தொன்மை வாகனமாகப் பதிவு செய்ய நினைக்கிறேன். நான் செய்யும் வேலைகள் அதற்கு இடையூறாகுமா?


ஏட்டுச்சுவடி எழுதியது:

நீங்கள் குறிப்பிடுவது இங்கிலாந்தின் கேய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் கட்டணம் பெற்றுக்கொண்டு வழங்கும் பாரம்பரியச் சான்றிதழை. ஸ்டாண்டர்ட், ட்ரையம்ஃப் நிறுவனங்களின் உற்பத்திப் பேரேடுகள் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. முழுமையான காராகக் கோவென்ட்ரியிலிருந்து வெளிவந்த ஹெரால்டு என்றால் உற்பத்தித் தேதி, நிறம், எஞ்சின் எண் போன்ற விவரங்கள் அதிலிருந்து கிடைக்கும். உங்கள் காரின் உடல் பூட்டப்பட்டதும் பெயிண்ட் அடிக்கப்பட்டதும் சென்னையில். கோவென்ட்ரிப் பேரேட்டில் அதன் நிறத்தைத் தேடுவதில் பயனில்லை.

இங்கே தேட வேண்டியவை வேறு. முதலில் வீட்டிலேயே தேடுங்கள். விற்பனை ரசீது, முதல் காப்பீட்டுப் பத்திரம், கடன் வாங்கியிருந்தால் வங்கித் தாள்கள், காரோடு கொடுத்த உரிமையாளர் கையேடு ஆகிய எல்லாம் காரின் அதே ஆண்டைச் சேர்ந்தவை. குடும்பப் படங்கள் கறுப்பு வெள்ளையாக இருந்தாலும் பயன்படும். நிறம் தெரியாவிட்டாலும் கிரில், பம்பர், சக்கர மூடி, பக்கவாட்டுக் குரோமியப் பட்டை, எழுத்துச் சின்னம் இருக்கும் இடம் எல்லாம் தெரியும். படத்தின் பின்புறம் ஸ்டுடியோ முத்திரையோ தேதியோ இருக்கிறதா என்று பாருங்கள்.

வெளியே என்றால், சென்னை எழும்பூரில் உள்ள கன்னிமாரா பொது நூலகத்திலும், தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் அக்கால இதழ்களைப் பார்க்கலாம். கார் விளம்பரங்களை அவற்றில் தேடிப் படியெடுப்பது நல்ல தொடக்கம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். விளம்பரப் படம் பல சமயம் ஓவியர் தீட்டியதாகவோ, வெளிநாட்டு மாதிரியைப் பார்த்துப் போட்டதாகவோ இருக்கும். எனவே இதில் ஒரு பாகம் தென்படுவதால் மட்டும் அது உங்கள் காரிலும் இருந்தது என்று ஆகாது. உதிரிப் பாகங்களின் பட்டியல் புத்தகம் இதைவிடப் பல மடங்கு மதிப்புள்ளது. எந்தச் சேசிஸ் எண்ணிலிருந்து எந்தப் பாகம் மாறியது என்பது அதில்தான் இருக்கும். அதுவும் சென்னை நிறுவனம் வெளியிட்ட பட்டியலாக இருக்க வேண்டும்.

மின்சாதனங்களும் சாட்சி சொல்லும். லூகாஸ் டைனமோ, ஸ்டார்ட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் ஆகியவற்றின் உடலில் தயாரான காலத்தைக் குறிக்கும் எண்கள் பொறித்திருக்கும். காரின் பதிவுத் தேதிக்குச் சில மாதங்கள் முந்தையதாக இருந்தால் இயல்பு. பிந்தையதாக இருந்தால் அந்தப் பாகம் மாற்றப்பட்டது. சென்னையின் பாடி பகுதியில் உள்ள லூகாஸ்-டிவிஎஸ் நிறுவனம் 1961-இல் தொடங்கியதால், 1965-ஆம் ஆண்டுக் காரில் அந்தப் பெயர் இருப்பது பொருத்தமே.

தொன்மைப் பதிவைப் பொறுத்தவரை, மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் விதிகளைக் கொண்டுவந்தது. 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, மூல வடிவத்தில் பேணப்பட்ட இருசக்கர, நான்குசக்கர வாகனங்களுக்கு அது பொருந்தும். சேசிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. ஏற்கெனவே பதிவான கார் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிவாகும் வாகனங்களுக்குத்தான் "விஏ" எழுத்துகள் கொண்ட எண். கண்காட்சி, தொன்மை வாகன அணிவகுப்பு, ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கே சாலையில் எடுக்கலாம். அன்றாடப் பயணத்துக்கு அனுமதி இல்லை. ஆகவே அந்தப் பதிவு வேண்டுமா என்பதை முதலில் யோசித்து முடிவெடுங்கள். ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவது பழுதுபார்ப்பு. வேறு காரின் எஞ்சினைப் பொருத்துவது மாற்றம். இரண்டையும் பிரித்துக் காட்ட, வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களே உங்களுக்குத் துணை.

மரப்பலகை டேஷ்போர்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை. 1200 மாடலோடுதான் மரப்பலகை வந்தது என்பது இங்கிலாந்துக் கார்களின் வரலாறு. அதை வைத்துச் சென்னைக் காருக்குத் தீர்ப்பளிக்க முடியாது. பலகையைக் கழற்றி அதன் பின்னால் உள்ள தகட்டைப் பாருங்கள். பலகையைப் பிடிக்கும் துளைகளின் ஓரம் வரை ஆலைப் பெயிண்ட் படிந்திருந்தால், அவை பெயிண்ட் அடிக்கும் முன்பே போட்ட துளைகள். துளையின் ஓரத்தில் பெயிண்ட் சிதறி வெறும் தகடு தெரிந்தால், அவை பின்னாளில் டிரில்லரால் போட்டவை. பயன்படாமல் காலியாக நிற்கும் துளைகள் இருந்தால் அவற்றின் இடத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வேறொரு பலகை அங்கே இருந்ததற்கு அவையே அடையாளம்.


காவிரிக்கரையான் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நீங்கள் சொன்னபடியே ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தேன். முடிவுகளைப் பிறருக்கும் பயன்படும் என்று எழுதுகிறேன்.

போர் நான்கு சிலிண்டர்களிலும் 63.5 மி.மீ. இருக்கிறது, பிஸ்டன் தலையில் 20 என்று அடித்திருக்கிறது. குத்திய எஞ்சின் எண் ஆர்.சி. புத்தகத்தோடு முழுதும் பொருந்துகிறது. எண்ணுக்கு அடியில் கருவிக் கோடுகள் தெளிவாகத் தெரிகின்றன. சேசிஸ் எண்ணில் மட்டும், காரில் 3 என்று இருப்பது புத்தகத்தில் 8 என்று இருக்கிறது. திருத்தம் கோரி விண்ணப்பிக்கப் போகிறேன். பின்புறம் குறுக்கு லீஃப் ஸ்பிரிங்தான். சக்கரத்தை இரண்டு சுற்றுச் சுற்றியபோது ஷாஃப்ட் ஐந்துக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றியது.

நிறத்தில் பெரியம்மா சொன்னதே உண்மை. தடுப்புத் தகடு, பின் இருக்கைக்குப் பின்புறம், இரண்டு கதவுகள், டிக்கி ஆகிய எல்லா இடங்களிலும் பிரைமரின் மேல் நேரடியாக வெளிர் நீலம் இருக்கிறது. போனட்டில் மட்டும் நீலமே இல்லை. பாலாடை நிறத்துக்கு அடியில் கரும்பச்சை இருக்கிறது. பெரியம்மாவிடம் கேட்டபோது, விராலிமலைக்கு அருகே ஒரு மாட்டுவண்டியில் மோதியதும், அதன் பிறகே மறுபெயிண்ட் அடித்ததும் நினைவுக்கு வந்தன. அந்தப் போனட் ஹெரால்டுக்குரியதே என்பதால் அதை வைத்துக்கொண்டு, நீலம் அடிப்பதென்று முடிவு செய்திருக்கிறேன். அது வேறொரு காருடையது என்பதைக் காரின் கோப்பில் எழுதி வைத்துவிடுவேன்.

டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள துளைகளின் ஓரம் வரை நீலப் பெயிண்ட் படிந்திருக்கிறது. காலித் துளைகள் எதுவும் இல்லை. மரப்பலகை முதலிலிருந்தே இருந்தது என்று இது காட்டுகிறது என்றாலும், ஒரே ஒரு காரை வைத்து உறுதி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1964 முதல் 1966 வரை பதிவான இரண்டு கதவு ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் வைத்திருப்பவர்கள், டேஷ்போர்டைக் கழற்ற நேர்ந்தால் அதன் பின்புறத் தகட்டின் படத்தை இங்கே இடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பதிவெண் தேவையில்லை, பதிவான ஆண்டும், பலகை மாற்றப்பட்டதா என்பது பற்றி உங்களுக்குத் தெரிந்ததும் போதும்.